வாகனமே மறைவிடம்: பழவேற்காடு ஏரியில் ஒரு காலைப் பயணம்

வரதய்யபாளையம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, தடா அருவி என்று நாம் அழைக்கும் உப்பலமடுகு அருவியே. விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து வரும் வாகனங்கள் பெரும்பாலும் அந்தக் குன்றுகளை நோக்கியே செல்கின்றன. அதே ஊரிலிருந்து எதிர்த்திசையில் கிழக்கே தடாவுக்கு வந்து, கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சூலூர்பேட்டையை அடைந்தால், அங்கிருந்து பழவேற்காடு ஏரியின் நடுவே நம் காரையே ஓட்டிச் செல்லலாம். வழிகாட்டியும் வேண்டா, படகும் வேண்டா. ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். அவற்றை நாங்கள் ஒரு தவற்றின் வாயிலாகவே கற்றுக்கொண்டோம்.

ஏரியும் சாலையும்

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழகத்திலும் உள்ளது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஓர் அணைபோல் நீண்டு கிடக்கிறது. சூலூர்பேட்டை வழியே வரும் காளங்கியும், தெற்கே ஆரணியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரங்கள் வழியே கடல்நீர் புகுகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது உவர்ப்புக் குறைந்தும், கோடையில் கடல்நீரினும் மிகுந்தும் மாறும் இந்நீரில் இறாலும் மீனும் நண்டும் வளர்கின்றன. இவற்றை நம்பி மீனவக் குடும்பங்களும் வாழ்கின்றன, பறவைகளும் வாழ்கின்றன.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. நெடுங்காலுடைய பூநாரைக்கு இது மிகப் பொருத்தமான இடம். அது தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உறிஞ்சி வெளியேற்றி, நுண்பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டி உண்கிறது. அதன் இளஞ்சிவப்பு நிறம் இவ்வுணவிலிருந்தே கிடைக்கிறது.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குச் செல்லும் கரைச்சாலை ஏரியைக் குறுக்கே கடக்கிறது. நாம் பறவைகளை அருகில் காண இச்சாலையே உதவுகிறது. ஏரியின் வடபகுதியில் நீரோட்டத்தைத் தடுப்பதும் இதே கரைதான். வந்து பார்ப்பவர்களாகிய நாமும் அந்தச் சுமையைக் கூட்டாதிருக்கக் கடமைப்பட்டவர்கள்.

நாங்கள் செய்த தவறு

தை மாதத்து விடியற்காலையில் அச்சாலையை அடைந்தோம். சாலையிலிருந்து சிறிது தொலைவில் நூற்றுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பேருந்தும் லாரியும் கடந்து சென்றபோதும் அவை தலை நிமிரவில்லை. இன்னும் தெளிவாகப் படம் எடுக்கும் ஆவலில் காரை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, நீர் விளிம்பை நோக்கிச் சில அடிகள் நடந்தோம். முதலில் ஒரு பறவை கழுத்தை உயர்த்தியது. பின்னர் கூட்டம் முழுவதும் நீரின்மேல் ஓடி எழுந்து, தொலைவில் ஒரு புள்ளியாக மறைந்தது. காட்சி அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே நிகழ்ந்த இழப்பு உடனே எங்களுக்குப் புலப்படவில்லை.

பூநாரை நின்ற இடத்திலிருந்தே பறந்துவிட இயலாது. நீரில் பல அடிகள் ஓடிய பின்னரே மேலெழும். அதற்குச் செலவாகும் ஆற்றலை அது மீண்டும் துளித்துளியாக வடிகட்டியே ஈட்ட வேண்டும். ஒரு காலைப்பொழுதில் பத்து வாகனங்களிலிருந்து மக்கள் இறங்கினால், அப்பறவைகள் உண்ணும் நேரத்தைவிட அஞ்சிப் பறக்கும் நேரமே மிகுந்துவிடும்.

சாலையில் ஓடும் வாகனத்திற்குப் பழகிய பறவை, இரு காலில் நெருங்கும் மனித உருவத்தைக் கண்டு அஞ்சுகிறது. ஆகவே நம் வாகனமே நமக்குச் சிறந்த மறைவிடம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

போக்குவரத்துக்கு இடையூறில்லாத இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஒலிப்பானும் பாட்டும் வேண்டா. ஒரு தொலைநோக்கி இருந்தால் நெருங்கிச் செல்லும் தேவையே எழாது.

கோடையில் வற்றிய ஏரிப்படுகை உறுதியான தரைபோல் தோன்றும். மேலோட்டின் கீழ் சேறு இருப்பதால் சக்கரங்கள் புதைந்துவிடும். சரணாலய நிலத்தில் வாகனம் இறக்குவதும் முறையன்று.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே உகந்தது. சாலை கிழக்கு நோக்கிச் செல்வதால், காலையில் போகும்போது கதிரவன் எதிரே கண்ணைக் கூசச் செய்யும். திரும்பும்போது ஒளி முதுகுப்புறமிருந்து விழுவதால் படமெடுக்க அதுவே ஏற்ற நேரம். ஏவுதளச் சோதனைச் சாவடிக்கு அப்பால் அனுமதியின்றிச் செல்ல இயலாது. ராக்கெட் ஏவப்படும் நாட்களில் கட்டுப்பாடுகள் இருக்குமாதலால், முன்கூட்டியே நாளைப் பார்த்துக்கொள்வது நலம். ஃபாஸ்டேகில் போதிய இருப்பும், கையில் சிறிது சில்லறைப் பணமும் இருக்கட்டும்.

நேலப்பட்டு

நெடுஞ்சாலையில் மேலும் வடக்கே, தொரவாரிசத்திரத்தை அடுத்து, 1976ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் உள்ளது. இங்கே காரை வாயிலில் விட்டு நடந்தே செல்ல வேண்டும். குளத்து நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம் ஆகியனவும் உடன் வாழ்கின்றன. பறவைகளின் எச்சத்தால் வளம்பெற்ற குளத்துநீர் வயல்களுக்கு உரமாகப் பாய்வதால், சுற்றுவட்டார உழவர்கள் நெடுங்காலமாக இவற்றைப் பேணி வந்துள்ளனர்.

இங்கு அமைதி இன்னும் இன்றியமையாதது. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் முட்டையைக் காகம் கவரும். குஞ்சு வெயிலில் வாடும். தொந்தரவு மிகுந்தால் கூழைக்கடாக்கள் அவ்விடத்தையே கைவிடுவதும் உண்டு.

அன்று முற்பகலில் நாங்கள் மீண்டும் கரைச்சாலைக்கு வந்தோம். இம்முறை எவரும் இறங்கவில்லை. அரைமணி நேரம் கழிந்தபின், தொலைவில் மேய்ந்த பூநாரைகள் தாமாகவே சாலையை நோக்கி நகர்ந்து வந்தன. காலையில் நடந்து நெருங்கியபோது கிடைக்காத படம், காருக்குள் அமர்ந்தபடியே கிடைத்தது.