நட்சத்திரம் இடியும் அதிர்வு

1987-இல் பினாங்கில், விளக்கொளி இல்லாத இடத்திலிருந்து, தென்வானில் தாழ்வாக ஒரு நட்சத்திர வெடிப்பை வெறுங்கண்ணாலேயே நீங்கள் பார்த்திருக்கலாம்.

அது ஏன் வெடித்தது? பெரிய நட்சத்திரத்தின் நடுவே சேரும் இரும்புக் கரு, சூரியனின் எடையைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் தன் பாரம் தாங்காமல் நொடிக்குள் இடிந்துவிடும். இந்த எல்லைக் கணக்கை, சென்னையில் படித்த சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே போட்டார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

இடிபாட்டில் விண்வெளியே குலுங்கி ஈர்ப்பலை எழும். இரு கருந்துளைகள் மோதிய ஈர்ப்பலை 2015-இல் பிடிபட்டது. நட்சத்திரம் இடியும் அலையோ இன்னும் அகப்படவில்லை. அது மிக மெல்லியது. ஆகவே விஞ்ஞானிகள் கணிப்பொறியில் நட்சத்திரத்தை இடியவைத்து, அலையின் சாயலை முன்கூட்டியே அறிகிறார்கள். முகம் தெரிந்தால்தானே கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்கலாம்!

நம் பால்வீதியில் இது நூற்றாண்டுக்கு ஓரிரு முறைதான் நடக்கும். தவறவிட்டால் இன்னொன்றுக்கு நம் பேரப்பிள்ளைகள்தான் காத்திருக்க வேண்டும்.