எந்த ஆண்டு எஞ்சின் நல்ல எஞ்சின்?

டீசல் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதும் பெட்ரோல் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதும் ஒன்றுதானே என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அப்படியன்று. பெட்ரோல் எஞ்சினில் உள்ளே செல்லும் காற்றைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலிலோ காற்று தடையின்றி வருகிறது. தெளிக்கப்படும் எண்ணெயின் அளவே ஆற்றலைத் தீர்மானிக்கிறது. ஆகவே டீசல் எஞ்சினை வலுப்படுத்த விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்ப் பம்பைத்தான். இதை விளக்க அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1989ஆம் ஆண்டு மாடலில் அந்த வண்டிக்குக் கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். விட்டம் 102 மி.மீ., வீச்சு 120 மி.மீ. ஜாம்ஷெட்பூரில் தயாராகி நம் டாடா லாரிகளில் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். லாரிப் பாரம் இழுக்கும் எஞ்சினைப் பிக்கப்பில் வைத்தால் வலிமை மிச்சம் இருக்கத்தானே செய்யும்? அந்த மிச்சத்தை வெளிக்கொணர்வதே அங்குள்ள ஆர்வலர்களின் வேலை. 2007 வரை இதன் கொள்ளளவு மாறவில்லை. பம்பு மட்டும் மூன்று முறை மாறியது.

1989 முதல் 1993 வரை இருந்தது சுழல்வகைப் பம்பு. ஒரே பிளஞ்சர் ஆறு சிலிண்டர்களுக்கும் முறைவைத்துப் பங்கிட வேண்டும். 160 குதிரைத்திறன் கிடைத்தது. ஓரளவு கூட்டலாம், விரைவில் எல்லை வந்துவிடும்.

1994இல் வந்தது பாஷ் பி7100 பம்பு. இதில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கின்றன. நம் பழைய லாரி மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு புதிதன்று. கம்ப்யூட்டர் கிடையாது. எண்ணெயின் உச்ச அளவைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறிய உலோகத் தகடு. அதை நகர்த்தினால் ஆற்றல் கூடும். கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினால் சுற்று கூடும். ஸ்பேனரும் பொறுமையும் போதும்! 1996 முதல் 1998 வரை கைக்கியர் வண்டிகளில் வந்த 215 குதிரைத்திறன் பம்புக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

1998இன் நடுவில் 24 வால்வு எஞ்சின் வந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் என்பதால் காற்றோட்டம் சிறந்தது. ஆனால் பம்பு மின்னணுச் சுழல்வகை. தன்னுள் ஓடும் டீசலே அதற்கு உயவும் குளிர்ச்சியும் தர வேண்டும். டேங்கிலிருந்து டீசலை ஏற்றித்தரும் சிறு பம்பு சோர்ந்தால், விலையுயர்ந்த பெரிய பம்பும் போய்விடும். அக்காலத்தில் 53 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக்குகள் சில விரிசல் விட்டதும் உண்டு. ஆகவே 24 வால்வு எஞ்சினில் பழைய பி7100 பம்பைப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். இதைவிடச் சான்று வேண்டுமா?

2003இல் காமன் ரெயில் முறை வந்தது. சுமார் 1,600 பார் அழுத்தத்தில் எண்ணெய் தெளிக்கப்படுகிறது. ஓசை குறைவு, ஆற்றல் மிகுதி. தொழிற்சாலை வண்டியே பின்னர் 325 குதிரைத்திறனை எட்டியது. இன்ஜெக்டர் ஒன்று அடைபடாமல் திறந்தே நின்றால் மட்டும் பிஸ்டன் உருகிவிடும்.

கையில் பணம் குறைவாகவும் கருவி அறிவு மிகுதியாகவும் உள்ளவருக்கு 1994–98 எஞ்சின்தான் ஏற்றது என்பது என் கருத்து. அதற்கும் ஒரு நோய் உண்டு. டைமிங் கியர் பெட்டியில் உள்ள சிறிய எஃகு முளை அதிர்வினால் கழன்று பற்சக்கரங்களுக்கிடையே விழக்கூடும். 'கொலைகார முளை' என்றே அங்கு அதற்குப் பெயர். அதை அடைத்துப் பூட்டாமல் ஆற்றலைக் கூட்டுவது அறியாமை. எண்ணெயை மட்டும் கூட்டிக் காற்றைக் கூட்டாவிட்டால் கரும்புகை வரும். வெளியேறும் வாயுவின் வெப்பம் 700 டிகிரி செல்சியசைத் தாண்டும். பிஸ்டனின் அலுமினியக் கலவையோ அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும் இனம். பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீச்சிக் குளிர்விப்பதால் சிறிது நேரம் தாங்கும். நீண்ட ஏற்றத்தில் தாங்காது. தானியங்கி கியர்பெட்டியோ அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

2007இன் நடுவில் வந்த 6.7 லிட்டர் எஞ்சினில் புகைத்துகள் வடிகட்டி உண்டு. அதைக் கழற்றுவது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். ஆயினும் பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இத்தகைய கருவிகள் நீக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. அந்தப் புகை வண்டிக்காரரின் நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை. பழைய எஞ்சினை வாங்குபவர் பம்பைத் தொடுமுன் வெப்பமானி ஒன்றை வாங்கிப் பொருத்தட்டும். தகட்டை எவ்வளவு நகர்த்தலாம் என்பதை அதன் முள்ளே காட்டும்.