மூச்சு முட்டிய இன்ஜின்

2015 மார்ச் 5, பிற்பகல். லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து, 1942இல் தயாரான ரயன் பயிற்சி விமானம் ஒன்று மேலேறியது. ஓட்டியவர் ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு. அப்போது வயது 72. சுமார் 1,100 அடி உயரத்தில் இன்ஜின் வலுவிழந்தது. ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தார். எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தை நோக்கி இறக்கினார். வழியில் உயரமான மரம் ஒன்றின் உச்சியில் இடித்துவிட்டு விமானம் தரையில் மோதியது. பலத்த காயம், ஆனால் உயிர் தப்பினார்.

பறக்கும்போது இன்ஜின் படுத்துவிட்டால் பெட்ரோல் தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் நினைப்போம். இந்த விமானத்துக்கு நேர்ந்த கோளாறோ, பெட்ரோல் கூடிப்போனது.

விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது புரியும். அடுப்பின் வாயை அடைத்து விறகைத் திணித்தால் தீ கொழுந்துவிடாது, புகைதான் மண்டும். பெட்ரோலும் அப்படித்தான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். அந்தக் காற்றைப் பிடித்து வைக்க ஒரு தண்ணீர்க் குடம் தேவைப்படும்! பெட்ரோல் சற்றுக் கூடினால் இன்ஜின் சமாளிக்கும். மிகவும் கூடினால் பிளக் பொறி தட்டினாலும் கலவை சரியாகப் பற்றாது.

இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது கார்பரேட்டர். காற்று அதன் குறுகிய தொண்டைக்குள் நுழையும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் பெட்ரோல் மேலே உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு உறிஞ்சப்படலாம் என்பதைத் தீர்மானிப்பது ‘ஜெட்’, அதாவது நடுவில் நுண்ணிய துளையிட்ட ஒரு சின்னத் திருகு. பழைய ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் கழற்றி வாயால் ஊதிச் சுத்தம் செய்வார்களே, அதன் உறவுக்காரன்தான். ஃபோர்டின் விமானத்தில் மெயின் ஜெட் மரை கழன்று, இருப்பிடத்தைவிட்டு விலகிப் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்ததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது. அளந்து விடவேண்டிய துளை இடம் மாறியதும் பெட்ரோல் தன் போக்கில் பாய்ந்துவிட்டது.

இன்ஜின் போனபின் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை பல விமானிகளைக் கொன்றிருக்கிறது. திரும்ப வேண்டுமானால் விமானத்தைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுவதால், விழாமல் மிதக்கக் கூடுதல் வேகம் தேவை: 45 பாகை சாய்வில் சுமார் 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். இன்ஜின் இல்லாதபோது அந்த வேகத்தை உயரத்தை விற்றுத்தான் வாங்கவேண்டும், கையிலோ சில நூறு அடிகள்தான் இருக்கும். ஃபோர்டு ஓடுபாதையை மறந்து புல்வெளியைத் தேர்ந்தது அன்றைய மிகச் சரியான முடிவு என்பேன்.

காயம் அவ்வளவு கடுமையானதற்கு வாரியம் ஒரு காரணம் சொன்னது. பின்னாளில் பொருத்தப்பட்ட தோள்வார், வலுவூட்டாத மெல்லிய அலுமினிய இருக்கை முதுகிலேயே மாட்டப்பட்டிருந்தது. மோதிய வேகத்தில் அது தாங்கவில்லை. சரி, கோளாறுக்கு வித்திட்ட அந்த ஜெட் எப்போது தளர்ந்தது? கார்பரேட்டரைக் கடைசியாகப் பிரித்துச் சீரமைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு ஜெட்டை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று அதன் பராமரிப்புக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.