ஒரே கோடு, வேறு வேறு கதை

என் தம்பி வீட்டிலேயே பொடி வகைகள் தயாரித்து விற்கத் தொடங்கியிருக்கிறான். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. போத்தலில் ஒட்ட ஒரு சின்னம் வேண்டும் என்றான். அப்பா தேக்காவில் பல ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். அவருடைய கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மஞ்சள் தொட்டு வரைந்த ஸ்வஸ்திகம் இருக்கும். அதையே வைக்கலாம் என்பது தம்பியின் ஆசை.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள்தான் மறுத்தாள். “மாமா, இது ஹிட்லர் சின்னம். என் தோழிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அந்த மௌனம் என்னை உறுத்தியது. மகள் சொன்னதிலும் தவறில்லை. அவள் அந்தக் குறியை முதலில் கவனித்துப் பார்த்தது வரலாற்றுப் பாடத்தில்.

ஹிட்லரின் கட்சி அந்தக் குறியை எடுத்துக்கொண்டது 1920ல். அதற்கு முன்பே சுவீடனின் மின்பொறி நிறுவனமான ஆசியாவின் வணிகச் சின்னமாக அது இருந்தது. கண்டத்தின் பெயரல்ல, நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் சின்னத்தைக் கைவிட்டது. ஆனால், எல்லாரும் கைவிடவில்லை. நம் பிடோக் வட்டாரத்திலேயே ரெட் ஸ்வஸ்திகா பள்ளி இருக்கிறது. சீன அறநிலையமான செஞ்சுவஸ்திகா சங்கம் 1951ல் தொடங்கிய பள்ளி அது. சீன மொழியில் அந்தக் குறி ஓர் எழுத்தாகவே வழங்குகிறது.

“அப்படியென்றால் அறுகோண நட்சத்திரம் வைத்துக்கொள்கிறேன்” என்றான் தம்பி. அம்மாவின் பூசை அறையில் முருகனின் செப்புத் தகடு உண்டு. மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. ஆறு முனைகளுக்கு ‘சரவணபவ’ என்ற ஆறு எழுத்துகள்.

அடுத்த ஞாயிறு மகளுடன் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, சிராங்கூன் சாலை வழியே சிலிகி பக்கம் நடந்தேன். புக்கிட் தீமா சாலை சந்திப்பில் எலிசன் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தவள் நின்றுவிட்டாள். முகப்பில் 1924 என்ற ஆண்டு. கூடவே அதே ஆறு முனை நட்சத்திரம். “அம்மா, பாட்டியின் தகடு!”

அது யூத வணிகர் ஐசக் எலிசன் கட்டியது. இன்னும் சற்று நடந்தால் மிடில் சாலையில் 1928ல் எழுந்த டேவிட் இலாயஸ் கட்டடம். அங்கும் அதே நட்சத்திரம். ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் வாழ்ந்த வட்டாரம் அது. அருகே வாட்டர்லூ ஸ்திரீட்டில் அவர்களின் தொழுகைக்கூடம் 1878 முதல் இருக்கிறது. தாவீதின் நட்சத்திரம் யூதர்களின் பொது அடையாளமாகப் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கும் நம் முருகன் தகட்டுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. கவராயத்தால் ஒரு வட்டம் போட்டு, அதே அளவை மாற்றாமல் சுற்றிலும் குறித்துக்கொண்டே வாருங்கள். சரியாக ஆறு புள்ளிகள் விழும். ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தால் நட்சத்திரம் தயார். எந்த ஊரிலும், யார் கையிலும் அது பிறக்கும்.

திரும்பும் வழியில் ஒரு மசராட்டி கார் கடந்தது. முன்பக்கத்தில் திரிசூலம். சற்றுமுன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த சூலம்போலவே இருந்தது. அது இத்தாலியின் பொலோனியா நகரில் நிற்கும் கடல்தேவன் நெப்டியூன் சிலையின் கையிலிருந்து வந்தது என்றேன். மகள் சிரித்துவிட்டாள்.

அதற்காக எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்வஸ்திகக் கொடியின்கீழ் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அதன் பழைய பொருளைச் சொல்லி ஆறுதல் தர இயலாது. வெளிநாட்டுக்குப் போகும் போத்தலில் அது வேண்டாம் என்று தம்பியே முடிவெடுத்தான்.

அன்று மாலை மகள் அலமாரியைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். “தாத்தா, இதை எந்த நாளில் வரைவீர்கள்?” என்று கேட்டாள். அப்பா தீபாவளிப் புதுக்கணக்கில் தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் ஸ்வஸ்திகத்துக்கு மேலே சிறியதாக இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பிள்ளையார் சுழி.

இப்போது போத்தல்களில் அப்பாவின் கையெழுத்திலேயே ‘உ’ இருக்கிறது. முதல் வாரமே ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டார்: “இரண்டாம் எண் பொடி இது என்றால், முதல் எண் எங்கே?”