துருப்பிடிக்காத எஃகும் துளைபடும்

'துருப்பிடிக்காத எஃகு' என்ற பெயரை முழுமையாக நம்பி அமிலத் தொட்டி வாங்கும் தொழில்முனைவோர் இன்றும் உளர். அவ்வெஃகைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே. உப்புநீரிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் உள்ள குளோரைடு அப்படலத்தை ஊசிமுனை அளவில் உடைத்துவிடும். சுற்றிலும் பளபளப்பு குன்றாதிருக்க, அந்த இடத்தில் மட்டும் துளை ஆழமாகிக்கொண்டே போகும்.

இத்தகைய இடங்களுக்கென உருவானவையே நிக்கல் கலப்புலோகங்கள். 1906இல் காப்புரிமை பெற்ற மோனெலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நிக்கல். எஞ்சியதில் பெரும்பகுதி செம்பு. ஓடும் கடல்நீரை நன்கு தாங்குவதால் கப்பல்களின் பம்புத் தண்டுகளுக்கும் வால்வுகளுக்கும் இது பயன்படுகிறது.

ஹேஸ்டெல்லாய் பி-2 வகையில் சுமார் 28 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அது தாங்கும். ஆனால், அதே அமிலத்தில் சிறிதளவு ஃபெரிக் உப்பு கலந்துவிட்டால் போதும், விரைவாக அரிபடும்! குரோமியமும் சேர்ந்த சி-276 வகை அத்தகைய கலப்படத்தைப் பெரிதும் தாங்குகிறது. விலையுயர்ந்தது என்பதாலேயே ஓர் உலோகம் எல்லா அமிலத்துக்கும் பொருந்திவிடாது.

ஆகவே, இயந்திரக் கடனுக்கு விண்ணப்பிக்குமுன், தங்கள் அமிலத்தின் செறிவு, வெப்பநிலை, அதில் கலந்துள்ள பிற பொருள்கள் ஆகியவற்றை விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, உலோகத்தின் வகையை விலைப்புள்ளியில் குறிப்பிடச் செய்தல் நலம். விலைப்புள்ளி செல்லுபடியாகும் நாளையும் கவனியுங்கள். 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 1,00,000 டாலரைக் கடந்து, வணிகமே நிறுத்தப்பட்டது.