சில்லுப் பொதியாக்கமும் நாடுகளின் தொழிற்கொள்கைகளும்

சில்லுப் பொதியாக்கம் என்பது, வார்ப்பாலையில் உருவான குறைகடத்திச் சில்லை வெட்டியெடுத்து, மின்னிணைப்புகள் கொடுத்து, ஈரமும் தூசியும் தாக்காதவாறு உறையிட்டு, சோதித்துத் தரும் தொழில்நுட்பம் ஆகும். மெல்லிய பொன் அல்லது செப்புக் கம்பியால் இணைத்துக் கரும்பிசினில் மூடுவது மரபான முறை. பல சில்லுகளை ஒரே அடித்தளத்தில் மிக நெருக்கமாகவோ, ஒன்றன்மேல் ஒன்றாகவோ அமைப்பது உயர்நிலைப் பொதியாக்கம் எனப்படும். 2023 இல் செயற்கை அறிவுத்திறன் சில்லுகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டுக்கு, தாய்வானின் டி.எஸ்.எம்.சி நிறுவனத்தில் இவ்வகைப் பொதியாக்கத்துக்கான கொள்திறன் போதாமையே முதன்மைக் காரணமாக இருந்தது.

1984: இரு தொடக்கங்கள்

தமிழ்நாட்டுக்கு இத்தொழில் புதிதன்று. 1984 இல் ஸ்பிக் குழுமத்தின் சார்பில் தொடங்கப்பட்டு, பின்னர் ஸ்பெல் செமிகண்டக்டர் எனப் பெயர் மாறிய நிறுவனம், சென்னையை அடுத்த மறைமலைநகரில் பொதியாக்க ஆலை அமைத்தது. தாய்வானின் கௌசியுங் நகரில் ஏ.எஸ்.இ நிறுவனம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். பின்னது உலகின் மிகப் பெரிய ஒப்பந்தப் பொதியாக்க நிறுவனமாக வளர்ந்தது. முன்னது சிறு நிறுவனமாகவே நின்றுவிட்டது.

இவ்வேறுபாட்டை நிறுவனங்களின் திறமையைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. தாய்வானில் அரசின் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்திலிருந்து 1980 இல் யு.எம்.சி, 1987 இல் டி.எஸ்.எம்.சி ஆகிய வார்ப்பாலைகள் கிளைத்தன. அவற்றின் அருகிலேயே பொதியாக்கமும் வளர்ந்தது. இந்தியாவிலோ மொகாலியில் இருந்த அரசு வார்ப்பாலை 1989 இல் தீக்கிரையாயிற்று. எனவே ஸ்பெல் பெரிதும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களையே நம்ப வேண்டியிருந்தது.

பிற நாடுகள்

மலேசியா பன்னாட்டு நிறுவனங்களை அழைக்கும் வழியைத் தேர்ந்தது. 1972 இல் இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2024 இல் வெளியிட்ட தேசியக் குறைகடத்தி உத்தியில் உள்நாட்டு நிறுவனங்களை வளர்ப்பதையும் அந்நாடு இலக்காக வைத்தது.

ஜப்பானின் வலிமை மூலப்பொருள்களில் உள்ளது. உயர்திறன் செயலிகளின் அடித்தளத்தில் இடப்படும் மின்காப்புப் படலத்தில் பெரும்பங்கைத் தருவது, சுவையூட்டி உப்புக்குப் பெயர்பெற்ற அஜினோமோட்டோ நிறுவனம் என்பது பலர் அறியாதது.

ஐக்கிய அமெரிக்கா 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உயர்நிலைப் பொதியாக்கத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒதுக்குவதாக 2023 இல் அறிவித்தது.

இந்தியா

2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை நடுவண் அரசு அறிவித்தது. பொதியாக்க ஆலைகளுக்கான 30% மானியம் 2022 இல் 50% ஆக உயர்த்தப்பட்டது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் (22,516 கோடி ரூபாய்), அசாமின் ஜாகிரோட்டில் டாடா (27,000 கோடி ரூபாய்) ஆகியவை இவ்வழியில் ஒப்புதல் பெற்றவை. மைக்ரானுக்குக் குஜராத் அரசு தன் பங்காக மேலும் 20% தருகிறது. மைக்ரான் பிற நாடுகளில் உள்ள தன் ஆலைகளில் வார்த்த நினைவகச் சில்லுகளையே சானந்துக்குக் கொண்டுவரும் என்பதால், வேலைக்குப் பிறரை நாட வேண்டியதில்லை. ஒப்பந்த ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை. குஜராத்தின் தோலேராவில் 2024 இல் ஒப்புதல் பெற்ற டாடா வார்ப்பாலை இயங்கத் தொடங்கும்போதே உள்நாட்டுச் சில்லுகள் அவற்றுக்குக் கிடைக்கும்.

2025 ஆகஸ்ட் வரை ஒப்புதல் பெற்ற பத்துத் திட்டங்களில் ஒன்றும் தமிழ்நாட்டில் அமையவில்லை. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாநில அரசு 500 கோடி ரூபாயில் தனிக் குறைகடத்தி இயக்கம் ஒன்றை அறிவித்தது.