ஐப்பசியில் அளக்க வேண்டிய கம்பி

காவிரிப் படுகையில் ஒரு வீட்டுத் தொலைபேசிக் கம்பி இப்போது தருவதைவிடக் கூடுதல் இணைய வேகத்தைத் தருமா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வீடு வரை கம்பி உண்மையில் எத்தனை தூரம் சுற்றி வருகிறது, வழியில் எத்தனை இடங்களில் ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது, அந்த ஒட்டுகளுக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்பவையே அவை. மூன்றையும் கருவி வைத்து அளந்து சொல்லிவிடலாம். ஆனால் அளக்கும் மாதம் எது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பங்குனி வெயிலில் எடுத்த அளவு, வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி ஓடும்போது அதே கம்பி எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்த அளவே இந்த மண்ணில் ஒரு கம்பியின் மெய்யான அளவு.

கம்பி என்று ஒருமையில் சொல்லப்பட்டாலும், அது பாலிதீன் உறையிட்ட, பெரும்பாலும் 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிய ஓர் இணையாகும். மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும் என்ற கணக்கில் இடப்பட்ட அந்த இணையில், குரல் தொடாத உயர் அதிர்வெண்களில் தரவை ஏற்றி அனுப்பும் முறைக்கு ஏடிஎஸ்எல் என்று பெயர். அதன் முதல் வடிவம் ஏறத்தாழ 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தி நொடிக்கு 8 மெகாபிட்டையும், அடுத்து வந்த ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2,200 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தி 24 மெகாபிட்டையும் எட்டக்கூடியவை. விடிஎஸ்எல்2 30,000 கிலோஹெர்ட்ஸ் வரை விரிந்து 100 மெகாபிட்டையும் தொடவல்லது. ஆனால் அந்த உயரம் சில நூறு மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே கிடைக்கும். 2004ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கை 256 கிலோபிட்டையே அகன்ற அலைவரிசை என்று வரையறுத்தது. 2013இல் அது 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. வரையறை இரண்டு முறை மாறிய இந்தக் காலத்தில் பல வீடுகளில் மண்ணுக்குள் கிடக்கும் இணை மட்டும் மாறவில்லை.

தூரத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள மெலிவு என்ற அளவை அறிய வேண்டும். இணைப்பகத்தில் புறப்படும் சமிக்ஞை வழியில் எவ்வளவு வலுவிழக்கிறது என்பதை டெசிபலில் சொல்வது அது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், 40 டெசிபல் மெலிவு என்றால் புறப்பட்டதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே வீடு வந்து சேர்கிறது. 0.4 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டெசிபல் இழப்பு என்ற நடைமுறைக் கணக்கைக் கொண்டால், மோடத்தின் திரையில் 42 டெசிபல் என்று காட்டும் வீடு இணைப்பகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் கம்பித் தொலைவில் இருக்கிறது என்று பொருள். அந்தத் தொலைவில் ஏடிஎஸ்எல்2 பிளஸ் நல்ல கம்பியிலும் 8 மெகாபிட் அளவுக்கே ஓடும். ஐந்து கிலோமீட்டரில் ஓரிரு மெகாபிட் மிஞ்சினாலே பெரிது. அதிர்வெண் உயர உயர மெலிவும் கூடும் என்பதால், விடிஎஸ்எல்2 திறக்கும் புதிய அதிர்வெண்கள் தொலைவிலுள்ள வீட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. அங்கே புதிய திட்டத்துக்குக் கட்டும் கூடுதல் பணம் வீண்.

இங்கே கம்பித் தொலைவு என்பதும் கண்ணுக்குத் தெரியும் தொலைவும் ஒன்றல்ல. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, அவற்றிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணி என்று கிளைத்து, கிளைகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து வயலுக்குள் போகும் நிலப்பரப்பு இது. ஆற்றின் ஒரு கரையில் இணைப்பகமும் மறுகரையில் வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், கம்பி சாலையோரமாகப் பாலம் வரை போய், ஆற்றைக் கடந்து, மறுகரையின் மண்பாதை வழியே திரும்பி வரவேண்டியிருக்கிறது. இணைப்பகக் கட்டடத்தின் விளக்கொளி தெரியும் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கம்பி இருப்பது இந்தப் பகுதியில் வியப்பான செய்தியே அல்ல. வரைபடத்தில் நேர்கோடு போட்டு வேகத்தை ஊகிக்கும் கணக்கு வேறெங்கு பலித்தாலும் டெல்டாவில் பலிக்காது. இங்கே மோடம் காட்டும் டெசிபல் எண்ணுக்கே மதிப்பு.

அடுத்தது ஈரம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும் ஆண்டில், மழையைக் கணக்கில் சேர்க்காமலே ஏழரை மாதம் இந்த மண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் வடகிழக்குப் பருவமழை வந்து கொட்டுகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் தண்ணீர் பட்டதும் உப்பி, புதைந்திருக்கும் வடத்தை ஆண்டுதோறும் இழுத்தும் நெருக்கியும் விடுகிறது. வடத்தின் உட்புறத்தில் நீர் புகாதபடி பசை நிரப்பப்பட்டிருப்பதால், லைன்மேன்கள் ஜெல்லி கேபிள் என்று அழைக்கும் அந்த வடம் தன்னளவில் ஈரத்தைத் தாங்கும். தாங்காதவை சாலை விரிவாக்கத்திலோ குடிநீர்க் குழாய்ப் பள்ளத்திலோ அது அறுபட்ட பிறகு அவசரமாகப் போட்ட ஒட்டுகளே. ஒட்டுக்குள் நீர் புகுந்தால் இரண்டு கம்பிகளுக்கும் இடையே கசிவு ஏற்படும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். குரல் என்னும் குறைந்த அதிர்வெண் இந்தக் குறைகளைப் பெருமளவு பொறுத்துக்கொள்வதால், பேச்சு தெளிவாகக் கேட்கும் கம்பியிலும் இணையம் நொடிக்கு நொடி அறுந்து விழலாம். இதன் நேரெதிரும் நடப்பதுண்டு: இணையின் ஒரு கம்பி முற்றிலும் அறுந்து, தொலைபேசி ‘டெட்’ ஆகிவிட்ட நிலையிலும், மிச்சமுள்ள ஒற்றைக் கம்பியைப் பற்றிக்கொண்டு இணையம் தவழ்ந்துகொண்டிருக்கும்.

சோதனையின் முதற்பகுதியை வீட்டுக்காரரே செய்துவிட முடியும். கூடத்திலிருந்து மாடிக்கும் பின்கட்டுக்கும் இழுத்த உபரிக் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி நுழையும் முதல் பெட்டியில் கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசியைப் பொருத்தி, ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தினால் டயல் ஒலி நின்று சில நொடிகள் அமைதி நிலவும். அந்த அமைதியில் கரகரப்போ இரைச்சலோ கேட்டால் ஒட்டில் குறை உண்டு என்று கொள்ளலாம். அதன்பின் அதே பெட்டியில், குரலையும் தரவையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வழியாக மோடத்தை இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மேலே சொன்ன மெலிவு. மற்றொன்று இரைச்சலுக்கு எதிரான கையிருப்பு, அதாவது இப்போது ஓடும் வேகத்துக்குத் தேவையானதைவிடச் சமிக்ஞை எத்தனை டெசிபல் மேலே நிற்கிறது என்ற கணக்கு. அது 6 டெசிபலுக்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறும். 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் அந்தக் கம்பிக்கு இன்னும் கூடுதல் வேகம் தர வலு இருக்கிறது. மெலிவு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாமல் இருக்க, கையிருப்பு மட்டும் சித்திரையில் 15ஆகவும் கார்த்திகையில் 5ஆகவும் நின்றால், குறை தூரத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது என்பது வெளிப்படை. தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. ஈரமேறிய ஒட்டை ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

மீதியை லைன்மேன் செய்ய வேண்டும். இணைப்பகத்தின் மின்கலத்திலிருந்து வரும் 48 வோல்ட் வீட்டில் எவ்வளவு நிற்கிறது என்றும், 0.5 மில்லிமீட்டர் இணைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 170 ஓம் என்ற கணக்கோடு மொத்த மின்தடை ஒத்துப்போகிறதா என்றும், கம்பிகளுக்கிடையே கசிவு இருக்கிறதா என்பதைக் காப்புத்தடை அளக்கும் மெக்கர் கருவி கொண்டும் பார்த்துவிட்டால், பழுது வீட்டருகே கம்பிகள் பிரியும் டிபி பெட்டியிலா, அதற்கு முந்தைய பில்லர் என்னும் இணைப்புப் பெட்டகத்திலா என்பது தெரிந்துவிடும். இந்தக் கைவேலை தெரிந்த தலைமுறை ஓய்வுபெற்றுவரும் நிலையில், அடுத்தவர் எவருக்கும் அது சொல்லிக்கொடுக்கப்படாமல் போவது பெரிய இழப்பு.

செம்பைச் சோதித்து நேரத்தை வீணாக்காமல் கண்ணாடி இழைக்கு மாறிவிடுவதே முறை என்ற கருத்தும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூட இழக்காத இழையோடு செம்பு போட்டியிட முடியாது என்பதும், பிரிட்டன் 2027 ஜனவரிக்குள் செம்புத் தொலைபேசிச் சேவையை முடித்துக்கொள்ள இருக்கிறது என்பதும் உண்மைகளே. ஆனால் இழை எதன்மேல் வருகிறது என்ற கேள்வி இங்கே கேட்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்க வகுக்கப்பட்ட பாரத்நெட் இரண்டாம் கட்டத் திட்டத்தில், வடத்தின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே தலைக்கு மேலே செல்வதாக அமைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை, ஐப்பசி முடியும் வேளையில், வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் விழுந்த தென்னைகள் கம்பங்களையும் கம்பிகளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போயின. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அன்று விழுந்தவற்றைப் போன்ற கம்பங்களின் தோளிலேயே நாளைய இணையமும் ஏற்றப்படுகிறது.

செம்புக் கம்பி தகவலோடு மின்சாரத்தையும் தானே சுமந்து வருவதால், ஊரே இருண்டு கிடக்கும்போதும் இணைப்பகத்து மின்கலம் தாங்கும் வரை மண்ணுக்குள் கிடக்கும் இணையில் பேச்சு வரும். கண்ணாடி இழை ஒளியை மட்டுமே சுமக்கிறது. வீட்டின் முனையில் அந்த ஒளியைத் திரும்ப மின்சமிக்ஞையாக்கும் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒளியைப் பங்கிடும் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், இழை அறாமல் இருந்தால் 12 வோல்ட் மின்கலம் ஒன்றை அந்தப் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பதன்மூலம் பாதிக் கவலையைத் தீர்த்துவிடலாம். புதிய இணைப்போடு அந்த மின்கலத்தையும் கட்டாயமாக்குவது அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மீதிப் பாதி, இழையை ஆற்றங்கரைகளிலும் கடலோர ஒன்றியங்களிலுமாவது மண்ணுக்குள் புதைப்பதில் இருக்கிறது. அது நடக்கும் வரை, கார்த்திகை மழையில் அளந்து பார்த்து 10 டெசிபல் கையிருப்போடு நிற்கும் செம்பு இணைகளை டிபி பெட்டியிலிருந்து அறுத்தெறியாமல், குரலுக்காவது உயிரோடு விட்டுவைக்க வேண்டும்.